எடுக்கக் கூடாத மிஸ்டு கால்

வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு ஆயுசைக் கழித்து ஓய்வுபெற்ற அனந்தகிருஷ்ணனை, செம்பூருக்குக் குடிவந்த மறுநாள் காலையிலேயே மடிக்கணினியின் கறுப்புக் கட்டளைத் திரை கைவிட்டது. வழக்கம்போலக் காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வழக்கமான ஒற்றை வரிக் கட்டளையை அடித்து, எண்டரைத் தட்டினார். வழக்கமான பதில் வரவில்லை. இந்த இன்டர்ஃபேஸ் ஈதர்நெட் வகையைச் சேர்ந்தது இல்லை, இதன் வழியாக என்னால் பாக்கெட் அனுப்ப முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. மறுபடி அடித்தார். மறுபடி அதே வரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அடித்தார். கண்ணாடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மனுஷர் அப்படித்தான்.

அந்தக் கட்டளை என்ன செய்யும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தாணேயில், அவருடைய மகன் வெங்கியின் ஃபிளாட்டில், புத்தக அலமாரியின் மேல் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. குடும்பப் படங்களையெல்லாம் பத்திரமாகப் போட்டுவைக்க வெங்கி வாங்கியது. கண்டவனும் நுழையாதபடி அதன் கதவுகள் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, அப்பாவுக்காக ஒரே ஒரு கதவை மட்டும் விட்டுவைத்திருந்தான். அனந்தகிருஷ்ணனின் கட்டளை பாக்கெட் என்கிற ஒரு துளித் தகவலை அனுப்பி அந்தக் கதவைத் தட்டும். பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் 'இருக்கிறேன்' என்று பதில் வரும். அவ்வளவுதான். இதற்காகவா ஒருவர் தினமும் விடிந்ததும் விடியாததுமாக எழுந்து உட்காருவார் என்று கேட்கத் தோன்றும். வெங்கி இறந்து இரண்டாம் வருஷத் திவசமும் முடிந்துவிட்டது என்று சொன்னால் கேட்கத் தோன்றாது.

இதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. மாட்டுங்காவில் இருந்த அந்தப் பழைய வீட்டில், வெங்கி வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் ரயிலில் ஏறியதும் அவன் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். போன் இரண்டு தடவை மணி அடித்ததும் நின்றுவிடும். அது கேட்டதும் அவன் அம்மா பாகீரதி எழுந்து போய்க் குக்கரை வைப்பாள். அவன் செருப்பைக் கழற்றும்போது சாதம் சூடாக இருக்கும். போன் பேசக் காசு பார்த்த காலத்தில் பிடித்த பழக்கம். பேச்சு இலவசமான பிறகும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரே சட்டம்தான்: மிஸ்டு காலை எடுக்கக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. ஒருமுறை அனந்தகிருஷ்ணன் கைதவறி எடுத்துவிட்டார். "என்னடா?" என்றார். "ஒண்ணுமில்லைப்பா" என்றான் அவன். பிறகு ரயில் சத்தத்தை இருவரும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார்கள். அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளும் லட்சணம் அந்த வீட்டில் அதுதான். ஆசை இல்லாமல் இல்லை. இரண்டு பேருக்குமே வாயில் கொழுக்கட்டை.

கல்யாணமாகி வெங்கியும் சுஷ்மாவும் தாணேக்குப் போனபிறகு குக்கருக்கான மிஸ்டு கால் நின்றுபோயிற்று. அந்த இடத்தில்தான் இந்தப் பெட்டி வந்து உட்கார்ந்தது. அப்பாவின் மடிக்கணினியில் ஒரு மென்பொருள் கருவியைப் போட்டுக்கொடுத்து, அந்த ஒற்றை வரியைப் போனிலேயே எழுத்தெழுத்தாகச் சொல்லி அடிக்கவைத்து, "தினம் ஒரு தடவை தட்டிப் பாருங்கோப்பா, ஓடறதான்னு தெரிஞ்சுண்டா போறும்" என்றான் வெங்கி. பெட்டி ஓடுகிறதா என்று பார்க்க அதே வீட்டில் இருக்கும் அவனுக்குத் தெரியாதா? அனந்தகிருஷ்ணன் அதைக் கேட்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து தட்ட ஆரம்பித்தார். மழை வெள்ளம் வந்து ரயில் நின்ற நாளிலும் தட்டினார், காய்ச்சலிலும் தட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் தட்டினார். 'இருக்கிறேன்' என்று பதில் வந்தது. அன்று பாட்மிண்டன் ஆடிவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்த வெங்கி எழுந்திருக்கவே இல்லை. முப்பத்தாறு வயது. தகவல் வந்து இவர்கள் தாணே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து மாட்டுங்காவுக்குத் திரும்பிய மறுநாள், எதற்கென்று தெரியாமல் மடிக்கணினியைத் திறந்து அந்த வரியை அடித்தார் அனந்தகிருஷ்ணன். பெட்டி இருக்கிறேன் என்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு அழுதார். அதுவரை அவர் அழவில்லை.

அன்றுமுதல் அதுதான் அவருடைய காலை. சுஷ்மா அந்தப் பெட்டியை அணைக்கவில்லை. ஏன் அணைக்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை, நீங்கள் தினமும் தட்டுகிறீர்களா என்று அவளும் கேட்கவில்லை. அவள் தாணேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சின்ன வயசு. திவசத்துக்கும் தீபாவளிக்கும் பார்த்துக்கொள்வார்கள், சௌக்கியமா என்று கேட்டுக்கொள்வார்கள். பெட்டியைப் பற்றிப் பேச்சே வராது. மிஸ்டு காலை எடுக்கக் கூடாது என்ற சட்டத்தை அந்த வீட்டுக்கு வந்த மருமகளும் கற்றுக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு மாட்டுங்கா கட்டடத்தை இடித்துக் கட்ட பில்டர் வந்தான். புதுக் கட்டடம் எழும்பும்வரை வாடகைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னான். தீபாவளி கழிந்து இவர்கள் செம்பூருக்கு வந்தார்கள். வந்த இடத்தில் கட்டடச் சொசைட்டி செகரட்டரிக்கும் இன்டர்நெட் வயர்க்காரனுக்கும் தீராத தகராறு. வயரையெல்லாம் வெட்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில், சிம் போட்டால் இன்டர்நெட் தரும் ஒரு டாங்கிள் வாங்கி மடிக்கணினியில் செருகினார் அனந்தகிருஷ்ணன். பேப்பர் படிக்கலாம், பாகீரதி பிரவசனம் கேட்கலாம், மின்சார பில் கட்டலாம். எல்லாம் நடந்தது, தாணேயின் கதவைத் தட்டுவதைத் தவிர.

சரி, இன்டர்ஃபேஸ் என்பது தகவல் வெளியே போகும் வாசல்தானே, பார்த்துவிடலாம் என்று இறங்கினார். கம்ப்யூட்டருக்குள் என்னென்ன இன்டர்ஃபேஸ் இருக்கிறது என்று அந்தக் கருவியையே கேட்டார். பழைய வயர் அட்டையின் பெயரைச் சொன்னது. டாங்கிள் இருக்க வேண்டிய இடத்தில் பெயரும் இல்லை வகையும் இல்லை, வெறும் கேள்விக்குறி. பாக்கெட்டைப் பிடித்து அனுப்பும் டிரைவர் என்ற புரோகிராமை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டார். பழைய பதிப்பைத் தேடிப்பிடித்துப் போட்டார். காவலுக்கு இருக்கும் ஃபயர்வாலை அணைத்தார். இதெல்லாம் ஒரு நாளில் நடந்ததில்லை. ஒவ்வொன்றாக, காலை நேரத்தில் மட்டும், ஒரு மாதத்துக்கும் மேல் நடந்தது.

நடுவில் ஒருநாள், கட்டளையோடு ஸ்விட்ச் என்கிற ஏதோ ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்து அடித்தபோது, கருவி முரண்டு பிடிக்காமல் ஓடியது. ஓடி முடித்து, 'அந்த மெஷின் அணைந்திருக்கிறதுபோல் தெரிகிறது' என்றது. அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு ஒரு யோசனை தோன்றி, பாகீரதி சற்றுமுன் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்த தளத்தைத் தட்டிப் பார்த்தார். அதுவும் அணைந்திருக்கிறது என்றது. நாலைந்து இடங்களைத் தட்டினார். உலகத்தில் எந்த மெஷினும் உயிரோடு இல்லை என்று சாதித்தது அது. அனந்தகிருஷ்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோளாறு நம் பக்கம்தான். தட்டல் வாசலைத் தாண்டிப் போகவே இல்லை. அப்படியென்றால் தாணேயில் எல்லாம் அப்படியே இருக்கிறது. அன்று அவர் இரண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

பாகீரதிக்கு இதெல்லாம் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஷேர் மார்க்கெட் பார்ப்பதாகச் சொல்லிவைத்திருந்தார். ஷேர் மார்க்கெட் ஒன்பது மணிக்கு மேல்தான் திறக்கும் என்பது பாகீரதிக்கும் தெரியும். ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"வெங்கியோட பெட்டிதானே? சுஷ்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?"

அவள் சொன்னது நியாயம்தான். ஒரு போன் போட்டிருந்தால் அரை நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் அவர் கணக்கு வேறாக இருந்தது. கேட்டுவிட்டால், அந்தப் பெட்டி ஓட வேண்டும் என்று மாமனார் எதிர்பார்க்கிறார் என்றாகிவிடும். சின்னப் பெண். நாளைக்கு வீட்டை மாற்றலாம், வாழ்க்கையையே மாற்றிக்கொள்ளலாம். அப்போது ஒரு கிழவனுடைய ஏக்கம் அவள் காலைக் கட்டக்கூடாது. கேட்காதவரைக்கும் அது அவளாக வைத்திருப்பது. அவளாக வைத்திருந்தால்தான் அவருக்கும் அதில் ஆறுதல். இதையெல்லாம் பாகீரதியிடம் சொல்லத் தெரியாமல், "இங்க டாங்கிள்தான் சரியில்லை, சரி பண்ணிடறேன்" என்று மட்டும் சொன்னார். அவள் வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டு, "பண்ணுங்கோ" என்றாள்.

மாசி பிறந்த பிறகு அவர் வெட்கத்தை விட்டு, இதற்கென்று இருக்கும் இணைய மன்றம் ஒன்றில் தன் கஷ்டத்தை எழுதினார். எந்த தேசத்துக்காரனோ, முகம் தெரியாத ஒருவன் மூன்று வரி பதில் போட்டிருந்தான். அந்த இன்டர்ஃபேஸை இந்தக் கருவி ஆதரிக்காது, ஆதரிக்கப்போவதும் இல்லை, டிரைவரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். பாக்கெட்டை நீங்களே கையால் செய்து தள்ளாமல், விண்டோஸையே சாதாரணமாகப் போய்க் கதவைத் தட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். அதற்கு இந்த ஒரு ஸ்விட்ச் போதும். இவ்வளவுதான் சங்கதி. வெங்கி சொல்லிக்கொடுத்த வரியை ஒரு எழுத்துக்கூட மாற்றக்கூடாது என்று அவர் பிடித்த குரங்குப் பிடியில், இவ்வளவு எளிய வழி கண்ணில் படவே இல்லை.

ஸ்விட்சைச் சேர்த்தார். முதலில் கேஸ் சிலிண்டர் தளத்தைத் தட்டினார். இருக்கிறேன் என்றது. வேறொன்றைத் தட்டினார். இருக்கிறேன் என்றது. உலகம் முழுக்க உயிரோடுதான் இருந்தது. பிறகு தாணேயின் கதவைத் தட்டினார்.

அணைந்திருக்கிறது என்றது.

மறுபடி தட்டினார். கேஸ் தளம் இருக்கிறது, தாணே இல்லை. இன்னொரு முறை. கேஸ் தளம் இருக்கிறது, தாணே இல்லை. கருவிமேல் இனிப் பழிபோட முடியாது. டாங்கிள்மேலும் முடியாது. இத்தனை நாள் அவர் கோளாறோடு மல்லுக்கட்டியதாகத்தான் நினைத்திருந்தார். அந்தக் கோளாறுதான் தன்னைத் தாங்கிப் பிடித்திருந்தது என்று அப்போது புரிந்தது. தெரியாமலேயே இருந்திருக்கலாமே என்று இருந்தது. அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு ஆகி, பாகீரதி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அனந்தகிருஷ்ணன் பால்கனிக்குப் போய், போனை எடுத்து, சுஷ்மாவின் பெயரை அழுத்தினார். பேசுவதற்காக இல்லை. இரண்டு மணி அடித்ததும் வைத்துவிடுவதாகத்தான் எண்ணம். தட்டிப் பார்க்க அவருக்கு வேறு கதவு தெரியவில்லை.

முதல் மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள்.

"அப்பா?"

சௌக்கியமா என்றார். அவள் சௌக்கியம் என்றாள். அவரையும் அம்மாவையும் விசாரித்தாள். அந்தப் பக்கம் ஏதோ அட்டைப்பெட்டி நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, நானே உங்களைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், தைரியம் வரவில்லை என்று ஆரம்பித்தாள். அவள் சொல்லச் சொல்ல, அனந்தகிருஷ்ணன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெட்டியில் வெங்கி ஒரு சின்ன நீல விளக்கு வைத்திருந்தானாம். அப்பா தட்டும்போது மட்டும் அது சற்று நேரம் எரியும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே அலமாரிப் பக்கம் வந்து நிற்பானாம். விளக்கு எரிந்ததும், அப்பா எழுந்தாச்சு என்று வாயில் நுரையோடு சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போவானாம். ஒருநாள் தவறினதில்லை. இதை அப்பாவிடம் சொல்லாதே, சொன்னால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார் என்று சத்தியம் வாங்கியிருந்தானாம். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினானாம்.

"அவர் போனப்புறமும் எரிஞ்சுதுப்பா. நான் பாத்துண்டே இருப்பேன். அப்பா எழுந்தாச்சு, காப்பி குடிச்சாச்சுன்னு நெனச்சுப்பேன். அது எரியற வரைக்கும் நானும் எதையும் மாத்தப்படாதுன்னு இருந்தேன்."

அவர் ம் என்றார்.

"நீங்க வீடு மாத்தினேள். அப்புறம் எரியலை. பொங்கல் வரைக்கும் தினம் பாத்தேன். சரி, பழைய வீட்டோட அப்பா அதையும் விட்டுட்டார், அவராலேயே முடிஞ்சுதுன்னா நானும் விடத்தான் வேணும்னு தோணித்து." அட்டைப்பெட்டிச் சத்தம் நின்றது. "பந்த் பண்ணி அணைச்சுட்டேன்பா. படமெல்லாம் வேற எடத்துல எடுத்து வெச்சுண்டு, பெட்டியைப் பழைய சாமான்காரன்கிட்ட குடுத்துட்டேன்."

புனேயில் ஒருவர் இருக்கிறாராம். மனைவியை இழந்தவர், நல்ல மாதிரி. அவளுடைய பிறந்த வீட்டில் ஒரு வருஷமாக இந்தச் சம்பந்தத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவள் பதில் சொல்லாமலே இருந்தாள். விளக்கு நின்ற பிறகுதான் சரி என்றாள். ஃபிளாட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். அந்த அட்டைப்பெட்டிச் சத்தம் அதுதான். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் ஒன்று கேட்டாள்.

"நீங்களாத்தானே நிறுத்தினேள், அப்பா? வேற ஒண்ணும் இல்லையே? நான் அவசரப்பட்டு அணைச்சுடலையே?"

உள்ளே மேஜைமேல் மடிக்கணினி திறந்தபடி இருந்தது. டாங்கிளின் சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை அம்மா, ஒருநாளும் நிறுத்தவில்லை, தினம் தினம் தட்டினேன், இந்தப் பாழாய்ப்போன டாங்கிள் வாசலைத் தாண்டவிடவில்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. வெங்கி தன் தட்டலுக்காகக் காத்து நின்றிருக்கிறான் என்று தெரிந்த இந்த நிமிஷத்தில், அதைச் சொல்லாமல் இருப்பது அவருக்கு உயிரைப் பிடுங்குவதாக இருந்தது. சொன்னால் அந்த அட்டைப்பெட்டிகளையெல்லாம் அவள் திரும்பப் பிரிப்பாள். அப்படிப்பட்ட பெண்தான் அவள்.

"நானாத்தான்மா நிறுத்தினேன்" என்றார். "போறும்னு தோணித்து. நீ பண்ணினதுதான் சரி."

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. பாரம் இறங்கிய அழுகை. அவர் அழவில்லை. அழுதால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார். அடுத்த ஞாயிறு என்றாள். அங்கே போய்ச் சேர்ந்ததும் மிஸ்டு கால் கொடுக்கட்டுமா என்றாள். கொடு என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பாகீரதி ஈரக் கையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. அவர் நீல விளக்கைப் பற்றியும் பல் தேய்த்தபடி நின்றவனைப் பற்றியும் மட்டும் சொன்னார். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கையில் இருந்த ஈரம் தரையெல்லாம் ஆயிற்று.

அந்த ஒரு வாரமும் அவர் மடிக்கணினியைத் திறக்கவில்லை. ஆறு மணிக்கு விழிப்பு மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாகீரதியும் விழித்துக்கொண்டுதான் இருப்பாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. திரையில் சுஷ்மாவின் பெயர். யாரும் எடுக்கவில்லை. இரண்டு மணி அடித்து நின்றது. அனந்தகிருஷ்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாகீரதி எழுந்து சமையலறைக்குப் போனாள். அரிசி களையும் சத்தம் கேட்டது, பிறகு குக்கர் மூடியை அழுத்தி மூடும் சத்தம். இருவரும் சாப்பிட்டுப் பாத்திரம்கூடத் தேய்த்தாயிற்று என்பதை அவர் அவளுக்கு நினைவுபடுத்தவில்லை.